பல கைகளின் கோடு: கண்டிப் பிரதேசக் கூட்டுச் சித்திர மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சித்திரமொன்றைக் கண்டதும் அதனை வரைந்தவர் யாரென வினவுதல் நம் காலத்தவர்க்குப் பழகிப்போன ஒன்றாகும். கண்காட்சிக் கூடத்தில் ஓவியத்தின் கீழ் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு இவ்வழக்கத்தை வளர்த்தது. ஏலச் சந்தை அதனை நிலைநிறுத்தியது. கண்டி நகருக்கு வடகிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், அமுனுகமவிலுள்ள தெகல்தொருவ விகாரையின் குகைச் சுவர்களுக்கு முன்னால் நின்று இதே வினாவை எழுப்புவோமாயின், விடையாக ஒரு பெயரன்றிப் பல பெயர்கள் கிடைக்கின்றன. அப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் அவையும் தனி மனிதரின் பெயர்களாக நில்லாது, ஊராகவும் தொழிலாகவும் சாதியாகவும் பிரிந்து போகின்றன. பலர் கூடி வரையும்போது, அவர்களுள் எவரும் முன்கூட்டி முழுமையாக எண்ணியிராத ஓர் அமைப்பு எவ்வாறு உருக்கொள்கிறது? அவ்வாறு கூடி வரையும்படி அவர்களைக் கூட்டியது எது? முதல் வினாவை அழகியலாளரும் கணிதவியலாளரும் எடுத்துக்கொண்டனர். இரண்டாவதைச் சமூக வரலாற்றாசிரியர் எடுத்துக்கொண்டனர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்காதவிடத்துக் கண்டிச் சித்திரம் நமக்கு விளங்காது என்பதே எமது கருத்து.

தெகல்தொருவ கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சிக் காலத்தில் (1747–1782) தொடங்கப்பெற்று, அவனது தம்பியாகிய இராஜாதி இராஜசிங்கனின் காலத்தில் (1782–1798) நிறைவு பெற்றது. இவ்விருவரும் தென்னிந்திய நாயக்க வழியினர் என்பதை வாசகர் அறிவர். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதையை மீட்டெடுத்தவனும், 1760இல் தன் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் சேர்ந்து செய்த கொலைச் சதியிலிருந்து தப்பியவனும் ஒரே மன்னனே. வேற்று மரபினன், சைவன் என்ற ஐயம் தன்மீது படிந்திருந்த சூழ்நிலையில் அவன் மலைநாடெங்கும் விகாரைகளைப் புதுப்பித்தான். அக்காலத்துச் சுவர்ச் சித்திரங்களுக்கும் அவனது அரசியல் தேவைகளுக்குமுள்ள உறவை ஜோன் ஹோல்ட் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நாம் இங்கு நோக்க விரும்புவது மன்னனையன்று, அம்மன்னனின் தேவைக்காகச் சுவரின் முன் அமர்ந்த கைகளையே.

தெகல்தொருவவின் தலைமைச் சித்திரக்காரராகத் தேவரகம்பொல சில்வத்தென்னே உன்னான்சே என்பவரை மரபு குறிப்பிடுகின்றது. ஆனந்த குமாரசுவாமி பதிந்துள்ள செய்தியின்படி, நீலகமவைச் சேர்ந்த ஒருவரும் கொஸ்வத்தவைச் சேர்ந்த ஒருவரும் அவரோடு இணைந்து தொழிற்பட்டனர். ‘உன்னான்சே’ என்பது துறவு பூண்டவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்; தேவரகம்பொல என்பது ஊர். ‘கொஸ்வத்தே ஹித்தர நயிதே’ என்ற பெயரைப் பிரித்தால் கொஸ்வத்த என்னும் ஊரைச் சேர்ந்த, சித்திரத் தொழில் செய்யும், கம்மாளச் சாதியினரான ஒருவர் என்பதற்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. நீலகமவோ சித்திரக்காரக் குடும்பங்களின் ஊராகவே அறியப்பட்டது. தம்புள்ளைக் குகைகளின் சித்திரங்களோடும் அவ்வூரின் பரம்பரை தொடர்புபடுத்தப்படுகிறது. ஆகவே பெயர் கூறப்பட்டவிடத்தும் கூறப்படுவது ஒரு கூட்டமே. தலைமைச் சித்திரக்காரரின் பின்னால் மண் குழைத்தவர், சுண்ணம் பூசியவர், மை அரைத்தவர், தூரிகை கட்டியவர், பூ நிரப்பிய சிறுவர் எனப் பலர் இருந்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு ஊர்ப்பெயர் கூட எஞ்சவில்லை.

இக்கூட்டம் எவ்வாறு ஒரே கைபோல வரைந்தது என்பதை அறிய அதன் பயிற்சி முறையை நோக்க வேண்டும். கண்டிச் சித்திரப் பயிற்சியின் முதற் பாடம் ‘வகதெக’ எனப்படும் இரட்டை வளைவாகும். எதிரெதிராக வளையும் இரு கோடுகள், அவ்வளவே. மாணவன் அதனைப் பலகையில் மீண்டும் மீண்டும் வரைகிறான். கை பழகியபின் அவ்வளைவின் முனையிலிருந்து இன்னொரு வளைவு, அதன் கக்கத்திலிருந்து ஓர் இலை, இலையின் மறுபுறம் ஒரு மொட்டு என வளர்த்துச் செல்லும்போது ‘லியவெல’ என்னும் கொடி பிறக்கின்றது. தாமரை இதழ் வரிசையாகிய பலாபெத்தி, நெலும்மல, கத்துருமல முதலிய பூக்கள் ஆகியனவும் இவ்வாறே சிறு அலகுகளிலிருந்து கட்டியெழுப்பப்படுவன. உருவங்களின் அளவுகளுக்குச் சாரிபுத்திரம், ரூபாவலிய போன்ற சிற்ப நூல்கள் இருந்தன. கொடிக்கோ அத்தகைய இறுதி அளவு இல்லை. அதற்கிருந்தது ஒரு முளையும், அம்முளை வளர வேண்டிய விதியும், அது நின்றுவிட வேண்டிய எல்லையுமே. எல்லை ஒரு கதவுநிலையாகவோ, தூணின் விளிம்பாகவோ, பக்கத்தில் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்ட யானையின் முதுகாகவோ இருக்கலாம். கொடி அதைச் சந்தித்ததும் வளைந்து திரும்புகிறது.

இந்த இடத்தில் ஒரு செய்தியை வற்புறுத்த விரும்புகிறோம். விதி எல்லோருக்கும் பொதுவானதாயிருந்தால், இருவர் இரு முனைகளிலிருந்து ஒரே கொடியைத் தொடங்கி நடுவில் சந்திக்கலாம். வரைபடம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கு அண்மையிலுள்ளதை மட்டும் கவனித்தாற் போதுமானது. முழுமை பற்றிய அறிவு எவரிடமும் இல்லாமலே முழுமை தோன்றிவிடுகிறது. 1952இல் அலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர், உயிரினங்களின் உடலில் வரிகளும் புள்ளிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை விளக்க முற்பட்டபோது எடுத்துக்கொண்டதும் இத்தகைய சிந்தனையே: அண்மையிலுள்ளவை அண்மையிலுள்ளவற்றின்மேற் செயற்படுதல் மட்டுமே போதும், மேலிருந்து ஆணையிடும் ஒன்று வேண்டியதில்லை. 1968இல் லின்டன்மாயர் தாவரங்களின் வளர்ச்சியை எளிய மாற்று விதிகளாக எழுதிக் காட்டினார். அவர் எழுதிய விதிகளுக்கும் லியவெலவின் விதிக்கும் உறவு தேடுவது மிகையாகலாம். எனினும் ஒரு கொடியை வளர்க்க விதியும் இடமும் போதும் என்பதைச் சித்திரக்காரச் சிறுவன் பலகையிலேயே கற்றுக்கொண்டான் என்பதில் ஐயமில்லை.

தெகல்தொருவச் சுவர்களில் வெஸ்ஸந்தர சாதகமும் சுதசோம சாதகமும் நீண்ட கிடைப் பட்டைகளாக ஓடுகின்றன. விதானத்தில் மாரனின் படை திரண்டு நிற்கின்றது. சிவந்த தளம், தட்டையான வண்ணம், அதனைச் சூழ்ந்த கூரிய கோடு. கதைமாந்தர் இடமறிந்து நிற்கின்றனர். மரங்கள் காட்சிகளைப் பிரிக்கின்றன. ஆனால் உருவங்களுக்கிடையே எஞ்சிய வெற்றிடங்களில் பூக்கள் மிதக்கின்றன. கதையில் அவற்றிற்கு இடமில்லை. எவ்விடத்து எத்தனை பூ என நூலெதுவும் கூறுவதுமில்லை. நாம் அங்கு சென்றிருந்தபோது நெடுநேரம் பார்த்து நின்றது இப்பூக்களையே. ஓரிடத்தில் இதழ்கள் நெருங்கி உருண்டும், சில அடி தள்ளி அதே பூ தளர்ந்து நீண்டும் காணப்படுகின்றது. கதையுருவங்களைத் தலைவர் எழுத, இடைவெளிகளைப் பிறர் நிரப்பினர் என்பது எமது ஊகம். மாறிமாறி வரும் கையின் அடையாளம் அந்த ஊகத்திற்கு இடமளிக்கின்றது. அவ்வாறாயின், சுவர் முழுவதையும் ஒரே நெசவாகக் காட்டும் அப்பூ நிரப்பே, பெயர் கூறப்படாதவரின் பங்களிப்பாகும். அதனை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது கதை; சுவராகாது.

வண்ணப் பொருள்கள் பற்றியும் சிறிது கூறவேண்டும். வெள்ளைக்கு மகுல் என்னும் களி, மஞ்சளுக்குக் கொக்கட்டுப் பிசினும் அரிதாரமும், கறுப்புக்கு விளக்குக்கரி, சிவப்புக்குச் சாதிலிங்கம். இறுதியாகக் கூறியதற்குச் சிங்களச் சித்திரக்காரர் வழங்கிய பெயரும் சாதிலிங்கமே. நுண்ணிய தூரிகை தெலிதண என்னும் புல்லின் கூர்முனைகளைக் கட்டிச் செய்யப்பட்டது. கண்டி அரசின் இறுதிக் காலக் கட்டடக் கலைஞனாக மரபு போற்றும் தேவேந்திர மூலாசாரியின் பட்டத்திலுள்ள ‘ஆசாரி’ நமக்குப் புதிய சொல்லன்று. இனத்தின் தூய்மையைச் சித்திரத்தில் தேடுவோர், மைக்கிண்ணத்திலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். இக்கைகளைக் கூட்டியது எது? நிலம். கண்டி இராச்சியத்தில் கைவினைஞன் கூலி பெற்றவனல்லன். பங்கு நிலம் பெற்றவன். மன்னனின் நிலமாயின் அரண்மனைக்கும், விகாரகம ஆயின் விகாரைக்கும், தேவாலகம ஆயின் தேவாலயத்திற்கும், நிந்தகம ஆயின் பிரதானிக்கும் அவன் தொழில் செய்தான். இராஜகாரியம் எனப்பட்ட இவ்வேற்பாட்டில் சாதியும் நிலமும் தொழிலும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. மன்னனின் பணிக்கெனச் சிறந்த கம்மாளர் நான்கு பட்டறைகளாக, அதாவது பட்டல்ஹதரவாக, அமைக்கப்பட்டிருந்தனர். நெல் விளைந்ததனால் சித்திரக்காரனுக்கு அவசரமில்லை. அவசரமில்லாததனால் தந்தை மகனுக்கு வகதெகவை ஆண்டுக்கணக்கிற் பயிற்ற முடிந்தது. ஒரே விதியைப் பல கைகள் பிழையின்றிப் பகிர்ந்துகொள்ளத் தலைமுறைகள் தேவை. தலைமுறைகள் ஓரிடத்திற் பொருந்தி வாழ நிலம் தேவை. ஆனால் அதே நிலமே அவனைக் கட்டியும் வைத்தது. சித்திரக்காரனின் மகன் சித்திரக்காரனாகாமல் வேறு தொழில் நாடினால் பங்கு நிலத்தின்மீது அவனுக்குள்ள உரிமை ஆட்டங்கண்டது. பல கைகள் இயல்பாகக் கூடின என்று கூறுவோர் இக்கட்டினை மறந்துவிடுகின்றனர்.

1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. கோல்புறூக் விதப்புரைகளைத் தொடர்ந்து 1832இல் முடிக்குரிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலயம், நிந்தகம ஆகியவற்றிற்குச் செய்யவேண்டிய சேவைகள் அப்போது தொடப்படவில்லை. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சேவையாட்சிக் கட்டளைச் சட்டம் அச்சேவைகளைப் பதிவு செய்து, விரும்பியவர் அவற்றிற்கு ஈடாகப் பணம் செலுத்தி விடுபட வழி செய்தது. சித்திரமெழுதும் கடமைக்கு ரூபாய்க் கணக்கில் விலை குறிக்கலாம் என்றாயிற்று. கட்டு அவிழ்ந்ததில் விடுதலையும் இருந்தது. அதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் கூட்டுத் தொழிலின் அடித்தளம் அத்தோடு கரையத் தொடங்கியது. 1882இல் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியபோது, கைவினைஞன் பயணிகளுக்கு விற்கத்தக்க தட்டும் பெட்டியும் செய்பவனாக மாறிக்கொண்டிருந்தான். தட்டினைத் தனியொருவன் செய்து முடிக்கலாம், சுவரினை முடியாது.

இந்த மாற்றத்தைக் கண்ணுற்று வருந்தியவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இத்தமிழர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக மலைநாட்டில் அலைந்து திரிந்தார். கற்களைத் தேடிச் சென்ற வழியில் கைவினைஞரைக் கண்டார். அவர்களது ஊர்களையும் தொழில்நுட்பங்களையும் சொற்களையும் திரட்டி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை இங்கிலாந்தின் கம்டன் பகுதியில் 425 படிகளாக அச்சிட்டார். வில்லியம் மொறிஸ் சோசரின் கவிதைகளை அச்சிட்ட அதே அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று. மொறிஸின் தாக்கம் நூலெங்கும் விரவியுள்ளது. ஆலை முதலாளித்துவம் மனிதனின் கையைப் பொறியின் உறுப்பாக்கிவிட்டதெனக் கண்டித்த மொறிஸ், தீர்வைச் சோசலிசத்திற் கண்டார். குமாரசுவாமியோ தம் தீர்வைப் பின்னோக்கித் தேடினார். பங்கு நிலமும் பரம்பரைத் தொழிலும் கைவினைஞனைப் போட்டியிலிருந்து காத்தன என்று அவர் கூறியது உண்மையே. அது உண்மையின் ஒரு பாதி. அந்நூல் அச்சாகிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே, அதே கம்டனில் ஆஷ்பி நடத்திவந்த கைவினைஞர் குழு கடனில் மூழ்கிக் கலைந்தது. அங்கு நல்லெண்ணமும் திறமையும் குறைவின்றி இருந்தன. சந்தையைத் தாங்கி நிற்க நிலம் இருக்கவில்லை. அக்குழுவின் வீழ்ச்சியையும் கண்டிச் சித்திரக்காரனின் வீழ்ச்சியையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் குமாரசுவாமியின் முடிவுகள் வேறாயிருந்திருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், அவர் திரட்டித் தந்திராவிடில் இக்கட்டுரையை நாம் எழுதியிருக்க முடியாது.

நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரும் முன்னாட் பிக்குவுமான எல். ரி. பி. மஞ்சுஸ்ரீ (1902–1982) இன்னொரு வகையில் இதே பணியைச் செய்தார். அவர் விகாரை விகாரையாகச் சென்று சுவர்களைப் பார்த்து வரைந்தார்; அவ்வடிவங்களின் தொகுப்பு 1977இல் நூலாயிற்று. அப்பிரதிகள் விலைமதிப்பற்றவை. ஆயினும் ஒரு பூவைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தாளில் தனியே வைத்தவுடன், அதன் பக்கத்துக் கை மறைந்துவிடுகிறது. பிரதி செய்தவர் ஒருவர், வரைந்தவர் பலர்.

கண்டியின் கூட்டுச் சித்திரம் என்றதும் விகாரைச் சுவரோடு நின்றுவிடுதல் நமது ஆராய்ச்சியின் பெருங்குறை. இராஜகாரியம் தளர்ந்த அதே பத்தாண்டுகளிலேதான் இம்மலைகளிற் கோப்பி பரவியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியற்ற காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவையென ஊகித்துத் தோட்டக்காரருக்கு வழி திறந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டார். இத்தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் நிலமற்றவராக வந்தனர், நிலமற்றவராகவே வைக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குச் சட்டம் வழி செய்தது 2003இலேயே. வாழும் காம்பராவுக்கு உறுதி இல்லாத குடும்பங்களே இன்றும் பெரும்பான்மை. இம்மக்களின் பெண்கள் மார்கழி மாதத்தில் பெரட்டுக்குப் போகுமுன் வாசலில் கோலமிடுகின்றனர். குமாரசுவாமி அலைந்து திரிந்த அதே மலைகளில் இக்கோலங்களும் இருந்தன. ஆனால் அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருளின் எல்லைக்குள் அவை வரவில்லை. (சிங்களத்தில் ‘கோலம்’ என்பது தென்பகுதி முகமூடிக் கூத்தினைக் குறிப்பது, சொல் ஒன்று, வாழ்வு வேறு.)

புள்ளிகளைச் சுற்றிக் கோடு ஓடும் கோலத்தைச் சிக்குக் கோலம் என்கிறோம். சிக்கு, சிக்கல் என்பன ஓரடிச் சொற்கள். இதன் எளிய வகையொன்றை எடுத்துக்கொள்வோம். நிரைகளும் நிரல்களுமாகப் புள்ளிகளை இடுக. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லட்டும். விளிம்பை அடைந்ததும் வளைந்து திரும்பட்டும். விதி இவ்வளவே. மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட புள்ளிகளுக்கு மூன்று தனித்தனிக் கோடுகள் தேவைப்படுகின்றன. ஒரு நிரலை மட்டும் கூட்டி மூன்றுக்கு நான்கு ஆக்குவோமாயின், எல்லாப் புள்ளிகளையும் ஒரே கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்திற் சேர்கின்றது. இரண்டுக்கு இரண்டாயின் இரண்டு. நான்குக்கு ஆறாயினும் இரண்டு. கோடுகளின் எண்ணிக்கை, நிரை எண்ணுக்கும் நிரல் எண்ணுக்குமுரிய பொதுக் காரணிகளுட் பெரியதற்குச் சமமாகும். அங்கோலாவின் சோக்குவே மக்கள் மணலில் வரையும் சோனா வரைபுகளை ஆராய்ந்த பவுலுஸ் கேர்டெஸ் இவ்வுறவை விளக்கியுள்ளார். தமிழரின் கோலங்களையும் அவர் எடுத்து நோக்கினார். சென்னையில் கிஃப்ட் சிரோமனியும் அவருடன் ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974இல் கோலங்களை வரைவதற்குரிய விதிகளைக் கணினி இலக்கணங்களாக எழுதினர். வாசல் தெளித்து இட்ட கோலம் கணினி விஞ்ஞானத்தின் ஆய்வுப் பொருளாயிற்று. அதை வரைந்த பெண்கள் அவ்விஞ்ஞானத்தின் பங்காளிகளாகக் கருதப்பட்டனரா என்பது வேறு கேள்வி.

அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகிறது என்னும் தருக்கத்தை எங்கெல்ஸ் நீரின் கொதிநிலையைக் கொண்டு விளக்கியதை நம் வாசகர் அறிவர். ஒரு நிரல் கூடியதும் மூன்று ஒன்றாகும் இவ்வுதாரணம் அதனினும் தெளிவானது. ஆயினும் நாம் வற்புறுத்த விரும்புவது அடுத்த செய்தியை. இரு வெவ்வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில், அந்த வெட்டினை அழித்து, இரண்டையும் விலகி வளையச் செய்தால், அவ்விரு கோடுகளும் ஒரே கோடாகிவிடும். இது எப்போதும் நிகழும். ஒரு விரற்கடை இடத்திற் செய்த மாற்றம் முழுக் கோலத்தின் தன்மையையும் மாற்றுகிறது. ஆனால் அம்மாற்றத்தைச் செய்தவர் தாம் நின்ற இடத்தை மட்டுமே பார்த்தார். தெகல்தொருவவில் நாம் கண்டதும் இதுவே: அருகிலுள்ளதைக் கவனிக்கும் கை, தொலைவிலுள்ளதை ஆக்குகிறது.

பாரிஸ் நகரில் 1925 அளவில் சர்ரியலிசக் குழுவினர் ஒரு விளையாட்டை மேற்கொண்டனர். ஒருவர் தாளில் வரைந்து மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதனைப் பாராமலே தொடர்வார். தனிக் கலைஞனின் உள்ளத்தை மீறிய ஓர் உருவம் அதிலிருந்து எழும் என்பது அவர்கள் நம்பிக்கை. தன் பெயரே தனக்குச் சுமையாகிவிட்ட கலைஞனுக்கு அது ஒரு விடுமுறை எனலாம். கண்டிச் சித்திரக்காரனுக்கும் லயத்துப் பெண்ணுக்கும் பெயரின்மை அன்றாட நிலை. அதிலிருந்து விடுமுறை இல்லை. எனவே கூட்டுவரைதலைப் பொதுப்படப் புகழ்தல் போதாது. யாருடைய சுவரில், யாருடைய மாவில், யாருடைய நேரத்தில் என்று கேட்டாக வேண்டும். விகாரைச் சித்திரக்காரனுக்கு நிலம் இருந்தது, அந்நிலம் அவனைக் கட்டியது. அவன் வரைந்தது இருநூறு ஆண்டு கடந்தும் நிற்கின்றது. லயத்துப் பெண்ணின் விதி தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. எந்த மன்னனும் அதைக் கட்டளையிடவில்லை. அவள் வரைந்தது வெயிலேறுமுன் மிதிபட்டுப் போகின்றது. பொது விதியைப் பேணும் ஆற்றல் நிலத்திலிருந்தே வருகிறது என மேலே கூறினோம். நிலமே இல்லாதவரிடத்தும் அது நின்று நிலைத்தமை அக்கூற்றைத் திருத்துமாறு நம்மை வற்புறுத்துகின்றது. விகாரையில் நிலம் செய்த வேலையை, இங்கு அடுத்தடுத்த காம்பராக்களின் நெருக்கமும், ஒரே பீலியும், ஒரே இஸ்தோப்பும் செய்தன போலும். துன்பம் தந்த நெருக்கமே பயிற்சிக் கூடமாகவும் அமைந்தது. லய வாழ்க்கையைப் போற்றுவதாக இதனை எவரும் கொள்ளலாகாது.

ஹந்தானைச் சரிவிலுள்ள தோட்டமொன்றில், மார்கழி மாதக் காலையொன்றில், அடுத்தடுத்த இரு காம்பராக்களைச் சேர்ந்த இரு பெண்கள் பொது வாசலில் ஒரே கோலத்தை இருபுறமிருந்தும் இடக் கண்டோம். மூத்தவர் தம் பக்கத்திலிருந்து நான்கு நிரை புள்ளி வைத்தார். இளையவர் மேலும் நிரல்களைச் சேர்த்து ஆறாக்கினார். எத்தனை வைப்பதென்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கோடுகள் ஓடி முடிந்தபோது கோலம் இரண்டு கோடுகளாக நின்றது. “ஒண்ணா வரலியே அக்கா” என்றார் இளையவர். மூத்தவர் எழுந்து நின்று, சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். பின் குனிந்து, “அந்த எடத்துல பிரிச்சு விடு, சேந்துடும்” என்று ஒரு வெட்டினைச் சுட்டினார். இளையவர் அதனை விரலால் துடைத்துவிட்டு இரண்டு வளைவுகளை இட்டார். பின் தொடங்கிய இடத்திலிருந்து கோட்டின் வழியே விரலை மாவிற்படாமல் ஓட்டிச் சென்றார். எல்லாப் புள்ளிகளையும் சுற்றி விரல் திரும்பி வந்தபோது பெரட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இருவரும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடையை எடுக்கப் போயினர்.